கொடை கேசட்டுல விட்டுப்போன 14 செகண்ட்

தோவாளைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடையில, அதாவது திருவிழாவுல, 1989-ல பாடுன வில்லுப்பாட்டு, அதே ராத்திரி ரெண்டு பேரு ரெண்டு விதமா பதிஞ்சது. ஒண்ணு மைக் செட்காரர் ஆம்பிளிஃபையர்ல இருந்து நேரா வயர் போட்டு எடுத்த கேசட், இன்னொண்ணு கூட்டத்துல உக்காந்திருந்த யாரோ டேப்ரெக்கார்டர மடியில வச்சு குழாய் ஸ்பீக்கர்ல வந்த சத்தத்த புடிச்சது. பாடுன அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டு செட்டோட தலைமைப் பாடகர், இப்ப இல்ல, அவரோட பேத்தி சொந்தமா செட்டு வச்சு பாடுறாங்க, அவங்கதான் ரெண்டு கேசட்டையும் எடுத்துட்டு வந்தது. தாத்தா பாடுன முறையிலயே கதைய படிக்கணும், அதுக்கு வரி வரியா தெளிவா கேக்கணும், நடுவுல விட்டுப்போனத சேத்துத் தரணும், இதுதான் வேலை. இந்த மாதிரி கொடை கேசட் நம்ம மாவட்டத்துல எத்தனையோ வீட்டு பரண்ல கெடக்கு, அதனால இத முழுசா எழுதி வைக்கிறேன், யாராவது எடிட் பண்ண உக்காந்தா உதவும்.

முதல்ல கேசட்ட பத்தி. நம்ம ஊருக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனி ஆடிச் சாரலும் வரும் ஐப்பசி மழையும் வரும், அந்த ஈரத்துல டேப்பு ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துரும். பூத்த கேசட்ட அப்படியே டெக்குல போட்டு பிளே அமுக்கவே கூடாது, பூஞ்சை டேப்ப படிக்கிற ஹெட்டுல ஒட்டும், டேப்பு சிக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். மைக் செட் கேசட்ட திருகு கழட்டி திறந்து சுத்தம் பண்ணி ரீல மட்டும் புது கூட்டுக்குள்ள மாத்திட்டேன், டேப்ப ஹெட்டோட அமுக்கிப் புடிக்கிற அந்த சின்ன ஃபெல்ட் துண்டு பழைய கூட்டுல உதிர்ந்து போயிருந்துச்சு, அது இல்லன்னா ஓசை ஒதுங்கி ஒதுங்கி கேக்கும். அப்புறம் ஒரு தடவ முழுசா ஓட விட்டு சுத்தி எடுத்து, ஹெட்டு சாய்வ சின்ன ஸ்க்ரூ டிரைவர் வச்சு வில்லு மணி எங்க பளிச்சுன்னு கேக்குதோ அந்த எடத்துல நிறுத்தி, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்ல ஏத்தினேன். இதுல செய்ற கவனம் எடிட்டிங்ல கால்வாசி வேலைய மிச்சப்படுத்தும், ஹெட்டு சாய்வு தப்பா இருந்து போன மேல் ஓசைய எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது.

விட்டுப்போன எடம் எப்படி வந்துச்சுன்னா, தொண்ணூறு நிமிஷ கேசட்டு, ஒரு பக்கம் 45 நிமிஷம், கதை நடுவுல ஏ பக்கம் தீந்துருச்சு. மைக் செட்காரர் கவனிச்சு திருப்பிப் போடுறதுக்குள்ள பாட்டு போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த மைக் செட் அண்ணாச்சி இப்பவும் வடசேரியில இருக்காரு, கேட்டதுக்கு "தம்பி, ஒரு கண்ணு கேசட்டுல, ஒரு கண்ணு ஆம்பிளிஃபையர் சூட்டுல, திருப்புறதுக்கு எங்கன நேரம்"னாரு. போனது 14 செகண்ட். கதையில அம்மன் பொறக்குற கட்டம், நாலு வரி. கூட்டத்துல எடுத்த கேசட்டுல அந்த நாலு வரியும் முழுசா இருக்கு, ஆனா ஓசை வேற, வேகம் வேற, சுருதியும் வேற.

இப்ப வேகம். இங்கதான் நெறைய பேரு தடுக்கி விழுறாங்க, அதனால கொஞ்சம் மெதுவா சொல்றேன். கேசட் வேகம் மாறுனா தாளமும் சுருதியும் சேந்தே மாறும், அதனால சுருதிய மட்டும் மாத்துற எஃபெக்ட்டையோ தாளத்த மட்டும் மாத்துற எஃபெக்ட்டையோ தொடக் கூடாது, ரெண்டையும் சேத்து மாத்துற வேக எஃபெக்ட் மட்டும்தான். எவ்வளவு மாத்தணும்ங்கறதுக்கு ஆம்பிளிஃபையரோட இரைச்சல் உதவுச்சு. ஆம்பிளிஃபையர் இரைச்சல் கரண்டோட ஹெர்ட்ஸ ஒட்டி வரும், 50 ஹெர்ட்ஸ் கரண்டுன்னா 100, 200, 300-ன்னு மடங்குகள் இருக்கும். குழாய் ஸ்பீக்கர் அடி ஓசைய விடாது, அதனால கூட்டத்து கேசட்டுல 50, 100 எல்லாம் தேடிப் பிரயோஜனம் இல்ல, 300-க்கு பக்கத்துல தேடணும். ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது எந்த ஹெர்ட்ஸ்ல எப்ப ஓசை இருக்குன்னு கோடு கோடா காட்டுற படத்துல, மைக் செட் கேசட்டுல அந்த 300-க்கான கோடு 311 கிட்ட நின்னுச்சு, கூட்டத்து கேசட்டுல 303 கிட்ட. ரெண்டும் ஒரே ராத்திரி ஒரே ஆம்பிளிஃபையர், அதனால கரண்டு எத்தனை ஹெர்ட்ஸா இருந்தாலும் ரெண்டுக்கும் உள்ள விகிதம் பொய் சொல்லாது. ரெண்டரை சதவீதம் வித்தியாசம்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, இப்ப நாம ஓட விடுற டெக்கோட இரைச்சலும் இதுல கலந்து வரும், கேசட் போடாம வெறுமன பிளே பண்ணி பதிஞ்சு பாத்தா அது எந்தக் கோடுன்னு தெரியும், அத கணக்குல சேக்கக் கூடாது.

ஆனா கோட்ட பாத்து அளக்குறது உத்தேசம்தான், ஒட்டுப் போட அது பத்தாது. அதுக்கு உடுக்கு அடிய புடிச்சேன். விட்டுப்போன எடத்துக்கு முன்னாடி ரெண்டு கேசட்டுலயும் தெளிவா கேக்குற ரெண்டு உடுக்கு அடிய எடுத்து நடுவுல உள்ள தூரத்த அளந்தா, மைக் செட் கேசட்டுல 182.40 செகண்ட், கூட்டத்து கேசட்டுல 187.02. வகுத்தா 1.0253. சுருதியில சொல்லணும்னா ஆர்மோனியத்துல கருப்பையும் சேத்து பக்கத்து பக்கத்து ரெண்டு கட்டைக்கு நடுவுல உள்ள தூரத்துல பாதிக்கு கொஞ்சம் கம்மி, அப்படியே ஒட்டுனா செவிடனுக்கும் கேக்கும். வெடிச் சத்தம் இன்னும் கூர்மையா இருக்கே அத வச்சு அளக்கலாமேன்னு தோணும், வேண்டாம். வெடி கோயிலுக்கு பின்னாடி ஒண்ணு, தெரு முனையில ஒண்ணுன்னு எடம் மாறி மாறி போடுவாங்க, சத்தம் ஒரு செகண்டுல ஏறக்குறைய 340 மீட்டர் தான் போகும், 30 மீட்டர் தூரம் மாறுனா கிட்டத்தட்ட 90 மில்லி செகண்ட் தள்ளிப் போயிரும். உடுக்கு மைக்குக்கு முன்னாடி ஒரே எடத்துல இருக்கு, அந்த அடி எப்பவும் ஒரே தூரத்துல இருந்துதான் வரும்.

பி பக்கம் ஆரம்பத்துலயும் இதே மாதிரி அளந்தேன், அங்க 1.0212. கேசட்டு முடியிற எடத்துல ஒரு இழுவையும் ஆரம்பிக்கிற எடத்துல வேற இழுவையும் இருக்கும், அதனால வேகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதுக்காக 14 செகண்டையும் நடுவுல ஒரு உடுக்கு அடியில ரெண்டா வெட்டி, முன் பாதிக்கு முன்னால உள்ள விகிதம், பின் பாதிக்கு பின்னால உள்ள விகிதம் குடுத்தேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.4 சதவீதம், அடி விழுற நேரத்துல மாறுனா காதுக்கு எட்டாது.

அப்ப எந்த கேசட்டுதான் சரியான வேகம்? இரைச்சல் கோடு 300-ல நிக்கணும்னு நெனச்சு மைக் செட் கேசட்ட மூணரை சதவீதம் கொறைச்சிருந்தா அண்ணாவி குரலே வேற ஆளு குரலா ஆகியிருக்கும். அண்ணாச்சிகிட்ட கேட்டேன், "அன்னைக்கு ராத்திரி ஜெனரேட்டர்லதான ஓடிச்சு, அதுல எங்க நேரா அம்பது நிக்கும்"னாரு. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா கணக்கு சரியா இருந்தும் முடிவு தப்பாப் போயிருக்கும். கடைசியில வழி காட்டுனது ஆர்மோனியம். அந்த செட்டோட பழைய ஆர்மோனியம் பேத்தி வீட்டுலயே இருக்கு, ரீடுல அழுக்கு ஏறி லேசா மாறியிருக்கலாம், ஆனாலும் ஜெனரேட்டர விட நம்பலாம். நாலாம் கட்டைய அமுக்கி பதிஞ்சு அனுப்பச் சொன்னேன், 349 ஹெர்ட்ஸ். கேசட்டுல அதே ஸ்வரம் 353 சொச்சம். ஆக மைக் செட் கேசட்டு 1.2 சதவீதம்தான் வேகம் கூட. கூட்டத்து கேசட்டுக்கு ரெண்டு கணக்கையும் சேத்து ஒரே தடவையில மாத்தினேன், ஒரு தடவ ஏத்தி இன்னொரு தடவ எறக்கினா தேவை இல்லாம ஓசை ரெண்டு தடவ அரைபடும்.

இனி வெட்டு. இந்த வேலையில எனக்கு சொல்றதுக்கு முக்கியமா ஒண்ணு இருக்குன்னா அது இதுதான்: வேவ்ஃபார்ம்ல, அதாவது திரையில தெரியிற ஓசை அலையில, எங்க அமைதியா இருக்கோ அங்க வெட்டாதீங்க, எங்க அடி விழுதோ அதுக்கு மயிரிழை முன்னாடி வெட்டுங்க. எடிட்டிங் சொல்லிக் குடுக்குற எல்லாரும் மொதல்ல சொல்றது "பேச்சு நிக்கிற எடத்துல வெட்டு"ன்னு தான், ரேடியோ பேச்சுக்கு அது சரி, வில்லுப்பாட்டுக்கு ஆகாது. ஏன்னா வில்லுல மணி கட்டியிருக்கு. அண்ணாவி வரிய முடிச்சு வில்ல அடிக்கிற வீசுகோலால ஒரு அடி போட்டு நிறுத்துறாருன்னு வைங்க, வேவ்ஃபார்ம்ல பாத்தா கோடு மாதிரி ஒண்ணுமே இல்லாம கெடக்கும், வெட்டுறதுக்குன்னே செஞ்சு வச்ச எடம்னு தோணும். ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாத்திப் பாருங்க, 3000-ல இருந்து 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெல்லிசா நாலஞ்சு கோடு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், மணியோட கார்வை, இந்த டேப்புல அது அரை செகண்டுக்கு பக்கம் நீளுது. அந்த "அமைதி"யில வெட்டி வேற துண்ட ஒட்டுனா மணி நடு மூச்சுல அறுந்து போகும், கேக்குறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ ஆச்சுன்னு தெரியும்.

அதுக்கு பதிலா அடுத்த வீசுகோல் அடி எழும்புற எடத்துக்கு 3 மில்லி செகண்ட் முன்னாடி கத்திய வச்சா, அதுக்குள்ள மணி அடங்கியிருக்கும், மிச்சம் இருக்குற கொஞ்ச நஞ்சத்தையும் புது அடி மூடிரும். நம்ம காது அப்படித்தான், பெரிய சத்தம் வந்தா அதுக்கு கொஞ்சம் முன்னால பின்னால உள்ள சின்ன சத்தத்த விட்டுரும், பின்னால நெறைய விடும், முன்னால ரொம்ப கொஞ்சம்தான் விடும், அதனாலதான் 3 மில்லி செகண்டுன்னு நெருக்கமா போகணும், 30 முன்னாடி வெட்டுனா அந்த மறைவு கெடைக்காது. ஆடாசிட்டிங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெட்டப் போற எடத்துக்கு பக்கத்துல வச்சு இசட் பட்டன அமுக்குனா அலை பூஜ்யத்த கடக்குற புள்ளிக்கு தானா போய் நிக்கும், அங்க வெட்டுனா டிக்குன்னு ஒரு சத்தம் வராது. மேல ஒரு 6 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட், அதாவது ஒண்ணு மங்க மங்க இன்னொண்ணு எழும்புறது. ரெண்டு வேற வேற பதிவ ஒட்டும்போது ஈக்வல் பவர் வளைவு போடணும், இல்லன்னா ஒட்டுற எடத்துல ஓசை குழியும். ஒரே பதிவுல உள்ளத அதே மேல ஒட்டும்போது நேர்கோட்டு வளைவு, இல்லன்னா அங்க வீங்கும். இது சின்ன விஷயம்னு நெறைய பேரு விட்டுருவாங்க, ஒட்டு தெரியிறதுக்கு பாதி காரணம் இதுதான்.

வேகம் சரி, வெட்டு சரி, ஆனா ஓசை ஒரே மாதிரி ஆகுமான்னா ஆகாது. மைக் செட் கேசட்டுல தாளத்துக்கு அடிக்கிற குடத்தோட அடி ஓசை வயித்துல கேக்கும், கூட்டத்து கேசட்டுல குடம் டொக்குன்னு மட்டும் கேக்குது, குழாய் ஸ்பீக்கர் விழுங்கிருச்சு. இல்லாத ஓசைய ஈக்வலைசர்ல ஏத்திப் பாத்தா டேப்பு இரைச்சல்தான் ஏறும். இன்னொரு வழி உண்டு, ரெண்டு பதிவையும் சேத்து ஓட விட்டு மெதுவா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போறது, அதுவும் ஆகாது, ஒரே குரல் சின்ன இடைவெளியில ரெண்டு தடவ கேட்டா குழாய்க்குள்ள பாடுற மாதிரி ஆயிரும். நான் செஞ்சது இது: கூட்டத்து கேசட்டுல பாட்டே இல்லாத ஒரு எடம், சனங்க பேச்சும் புள்ளைங்க சத்தமும் மட்டும் உள்ளது, அத எடுத்து ஒட்டுக்கு நாலு செகண்ட் முன்னாடியே மைக் செட் பதிவுக்கு அடியில ரொம்ப மெல்லிசா நுழைச்சு, ஒட்டு முடிஞ்சப்புறமும் நாலு செகண்ட் கழிச்சு வெளிய எடுத்தேன். காது மொதல்ல கூட்டத்துக்குள்ள போயிருது, அப்புறம் அண்ணாவி குரல் அங்க இருந்து வந்தா அது இயல்பா இருக்கு. குடத்து ஓசை மாறுறது கவனிச்சா தெரியும். தெரியட்டும். அந்த 14 செகண்ட் வேற கேசட்டுல இருந்து வந்ததுங்கறது உண்மை, அத முழுசா மறைக்கணும்னு எனக்கு தோணல.

வெடி போட்ட எடம் வேற கதை. அந்தக் காலத்து ரெக்கார்டர்ல ஓசைய தானா கூட்டிக் கொறைக்கிற அமைப்பு உண்டு. வெடி வெடிச்சதும் அது பயந்து எல்லாத்தையும் கொறைச்சிரும், அப்புறம் ஒண்ணரை செகண்டுல மெல்ல மெல்ல திரும்ப ஏத்தும், அந்த நேரத்துல பாடுன வரி கெணத்துக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி இருக்கும். இத கம்ப்ரஸர் போட்டு சரி பண்ண முடியாது, என்வலப் கருவி எடுத்து கையால வரையணும், வெடி முடிஞ்ச உடனே நல்லா தூக்கி அப்புறம் வளைவா எறக்கிக்கிட்டே வரணும். குரல் 8 டெசிபெல் எறங்கியிருந்துச்சு, ஆனா 8-ம் ஏத்துனா டேப்போட உஸ்ஸும் 8 ஏறி, மூச்சு வாங்குற மாதிரி கேக்கும், 5-ல நிறுத்தினேன். உஸ் சத்தத்தையும் மொத்தத்துல 6 டெசிபெல்லுக்கு மேல கொறைக்கல. அதுக்கு மேல போனா இரைச்சல்னு நெனச்சு மணிக் கார்வையையும் சேத்து அரிக்கும், தண்ணிக்குள்ள சலசலன்னு ஒரு ஓசை வரும், அது வந்துட்டா இரைச்சலே தேவலாம்.

ஒரு எடத்துல மட்டும் வெடி நேரா ஒரு எழுத்து மேலயே விழுந்துருச்சு. அலையோட தலை மொத்தமா வெட்டுப்பட்டு கெடந்துச்சு. ஆடாசிட்டியில ரிப்பேர்னு ஒண்ணு இருக்கு, அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைக்கும்தான் சரி பண்ணும், 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 3 மில்லி செகண்ட் கூட கெடையாது, ஒரு சின்ன டிக்குக்கு போதும், வெடிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வில்லுப்பாட்டுல ஒரு வசதி, அண்ணாவி ஒரு வரிய பாடி, கூட இருக்கறவங்ககிட்ட பின்பாட்டு வாங்கி, அப்புறம் அதே வரிய அவரே திரும்பப் பாடுவாரு. அந்த ரெண்டாவது தடவையில இருந்து அதே எழுத்த எடுத்து இங்க வச்சா வார்த்தை முழுசா வந்துரும். அதுல ரெண்டு விதமா செஞ்சு, வெடியோட அப்படியே விட்டது ஒண்ணுன்னு மொத்தம் மூணும் பேத்திக்கு அனுப்பினேன், எதுல என்ன செஞ்சேன்னு சொல்லல.

கேட்டுட்டு அவங்க சொன்னது: "அண்ணா, ரெண்டாவது ஃபைல்ல வார்த்தை நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த எடத்துல குடம் உருளுது பாருங்க, குடம் அடிச்சவரு, தாத்தா வரிய திரும்பப் பாடும்போதுதான் அப்படி உருட்டுவாரு, மொத தடவ நேரா ரெண்டு அடிதான்." திரும்ப கேட்டேன், எழுத்துக்கு அடியில குடத்தோட உருட்டல்ல கால்வாசி ஒட்டிக்கிட்டு வந்துருந்துச்சு, வேவ்ஃபார்ம்ல எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும் குரலுக்குள்ள அது மறைஞ்சு கெடக்கும். ஒரு எழுத்த எடுத்து வச்சா அதுக்கு அடியில ஓடுற எல்லாமும் சேந்துதான் வரும், அந்த வாத்தியத்த கையால பழகுனவங்க காதுக்குத்தான் அது தெரியும். மூணாவதுல 400 ஹெர்ட்ஸுக்கு கீழ மொத தடவையோட ஓசையும் அதுக்கு மேல ரெண்டாவது தடவையோட எழுத்தும்னு பிரிச்சு வச்சிருந்தேன், குடத்தோட ரெண்டு அடியும் தன் எடத்துல நின்னுச்சு, வெடியோட அடி அதிர்வு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. "இது போதும்ணா, வெடி கேட்டாத்தான் கொடை"ன்னு அதையே எடுத்துக்கிட்டாங்க.

இருமல், நாய் கொரைச்சது, "ஏ மக்கா, தள்ளி உக்காரு"ன்னு யாரோ சத்தம் போட்டது, இதுல எதையும் எடுக்கல. குரவைய தொடவே இல்ல, பொம்பளைங்க குரவை போடுற எடம் கதையில எங்க வருதுங்கறதே அவங்க படிக்க வேண்டிய பாடத்துல ஒண்ணு. மைக் செட்டு ஊளையிட்ட ரெண்டு எடத்துல மட்டும் அந்த ஒரே ஹெர்ட்ஸ குறுகலா கொறைச்சேன், ஏன்னா அது வார்த்தைய மறைக்குது.

குடுக்கும்போது மூணு தொகுப்பா குடுத்தேன். கேசட்டுல இருந்து ஏத்துன மூல பதிவு ரெண்டும் கை வைக்காம வேவ் ஃபைலா, வேகம் மட்டும் சரி பண்ணுனது தனியா, ஒட்டும் திருத்தமும் செஞ்சது தனியா. ஒட்டுன ஒவ்வொரு எடத்துலயும் லேபிள் போட்டு, எந்த கேசட்டுல இருந்து எந்த நிமிஷத்துல எடுத்தது, எத்தனை சதவீதம் வேகம் மாத்துனது, எந்த எழுத்து கடன் வாங்குனதுன்னு எழுதி, அந்த லேபிள தனி டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து கூடவே வச்சிருக்கு. படிக்கிறதுக்கு வசதியா ஆரம்பத்துல வர்ற நாட்டு வளத்துல இருந்து கடைசி வாழி வரைக்கும் கட்டம் கட்டமாவும் பிரிச்சாச்சு, ஒவ்வொரு துண்டும் வீசுகோல் அடியிலயே ஆரம்பிக்குது, போன்ல திரும்பத் திரும்ப ஓட விட்டாலும் தாளம் தட்டாம வரும். பேத்தி இப்ப பொறப்பு கட்டத்த எடுத்துப் பாடிக்கிட்டு இருக்காங்க, பின்பாட்டு வாங்குற எடத்துல தாத்தா எங்க மூச்சு விடுறாருன்னு கேக்க வேகத்த முக்கால்வாசியா கொறைச்சு ஒரு ஃபைல் வேணும்னு கேட்டுருக்காங்க, அதுக்கு சுருதி மாறாம தாளத்த மட்டும் கொறைக்கிற எஃபெக்ட் போட்டு, உடுக்கு அடி ரெண்டு ரெண்டா கேக்காம வர்ற அளவு எதுன்னு இப்ப பாத்துக்கிட்டு இருக்கேன்.